கொள்ளிடம் தாண்டிப் போன பண்டாரம்

அன்புள்ள சிதம்பரம் வாசக நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கிறிஸ்தவத்தை நம் பக்கம் கொண்டுவந்த தொடக்க காலத் தொண்டர் ஒருவரைப் பற்றி எழுதும்படி கேட்டிருந்தீர்கள். தோமையார் பெயரையும் குறிப்பிட்டிருந்தீர்கள். மயிலாப்பூரும் பரங்கிமலையும் அவர் நினைவைப் பல நூற்றாண்டுகளாகக் காத்து வருகின்றன. ஆனால் அவர் வரலாறு பெரும்பாலும் செவிவழி மரபாக வந்தது. எனக்கு வேறொருவரைப் பற்றி எழுத ஆசை. தன் கைப்படக் கடிதங்கள் எழுதி வைத்தவர், எந்த நாளில் எங்கே இருந்தார் என்று சொல்ல முடிந்தவர், அதைவிட முக்கியமாக நம் கொள்ளிடத்துப் பக்கம் நடந்து திரிந்தவர். அருளானந்தர்.

அவர் ஓரியூர்ப் புனிதர் ஆயிற்றே, கடலூர்க்காரருக்கும் சிதம்பரத்துக்காரருக்கும் அவரோடு என்ன உறவு என்று கேட்பீர்கள். அருளானந்தர் மறவர் சீமையில் உயிர் விட்டார். தெற்கத்தி மக்கள் அவரைத் தம்மவராகவே கொண்டாடுகிறார்கள். அது நியாயம்தான். ஆனால் 1674-இல் சேசு சபையின் மதுரை மிஷனுக்கு வந்தவர் 1686 வரை பெரும்பாலும் உழைத்தது செஞ்சிச் சீமையிலும் தஞ்சைச் சீமையிலும்தான். அதாவது வட திசையில் செஞ்சிக்கும் தெற்கே காவிரிக்கும் நடுவிலுள்ள ஊர்களில். இன்றைய கடலூர் மாவட்டம் அந்தப் பரப்புக்குள்தான் கிடக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகள் நம் பக்கத்தில் உழைத்தவரை நாம் மறந்துவிட்டோம், அதைவிடக் குறைந்த காலமே பார்த்த மறவர் நாடு நெஞ்சில் வைத்திருக்கிறது. இது எனக்கு வெகுநாள் மனக்குறை.

அவர் பிறந்தது லிஸ்பனில், 1647 மார்ச் 1. தகப்பனார் சால்வதோர் தெ பிரிட்டோ பெரேரா, ரியோ டி ஜெனிரோவின் ஆளுநராக இருந்தவர். தாயார் பெயத்ரிஸ். பிள்ளை சிறுவயதில் அரண்மனையில் சேவகம் செய்தான். இளவரசர் பெட்ரோ அவனுக்கு விளையாட்டுத் தோழர். ஒருமுறை கடும் நோயில் விழுந்தபோது, பிள்ளை பிழைத்தால் ஓராண்டு சேசு சபை அங்கி உடுத்துவதாகத் தாயார் புனித சவேரியாருக்கு நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தான், அங்கியும் உடுத்தினான். நம்மூர்த் தாய்மாருக்கு இந்த நேர்ச்சை நன்றாகப் புரியும். 1662-இல், பதினைந்து வயதில், உண்மையாகவே சபையில் சேர்ந்தார். 1673-இல் குருப்பட்டம் பெற்று, அதே ஆண்டு கப்பலேறிக் கோவா வந்தார்.

கோவாவில் தங்கியிருந்தால் வாழ்க்கை எளிதாக இருந்திருக்கும். அங்கே போர்த்துக்கல் ஆட்சி இருந்தது, கோட்டை இருந்தது, பேராயர் இருந்தார். அவர் கேட்டு வாங்கிக்கொண்டது மதுரை மிஷனை. இந்த மிஷன் ஐரோப்பியக் கொடி பறக்காத உள்நாட்டில், நாயக்கர்களும் மராட்டியர்களும் சேதுபதிகளும் ஆண்ட நிலத்தில் நடந்தது. இங்கே பாதிரியாருக்குப் பின்னால் ஒரு சிப்பாய்கூட நிற்க மாட்டான். உள்ளூர் அதிகாரி விரட்டினால் போக வேண்டியதுதான், அடித்தால் வாங்க வேண்டியதுதான். அருளானந்தரைப் பேசும்போது இதை முதலில் நினைவில் வைக்க வேண்டும். பிற்காலத்தில் கும்பினி ஆட்சியின் நிழலில் வந்தவர்களோடு இவரைச் சேர்த்து எண்ணுவது பிழை.

இந்த மிஷனைத் தொடங்கியவர் ராபர்ட் தெ நொபிலி, தத்துவ போதகர். 1606-இல் மதுரைக்கு வந்து, காவி உடுத்தி, சைவ உணவு கொண்டு, பிராமண சந்நியாசியாக வாழ்ந்தார். அந்தக் கோலம் அவருக்குச் சில வீட்டுக் கதவுகளைத் திறந்தது, வேறு பல வீடுகளை அடைத்துவிட்டது. உயர்ந்த சாதியாரின் குரு, எல்லாச் சாதியாரோடும் வெளிப்படையாகப் புழங்க முடியாது. 1640-இல் பல்தசார் தா கோஸ்தா என்பவர் வேறு வழி கண்டார். பண்டாரமாக ஆனார். சைவ மடங்களின் பண்டாரங்களை நமக்குத் தெரியும். பண்டார சாமியைப் பலரும் அணுகலாம், அவர் பலர் வீட்டு வாசலுக்கும் போகலாம். அருளானந்தர் ஏற்றதும் இந்தப் பண்டாரக் கோலம்தான். காவித் துணி, தலைப்பாகை, கையில் கோல், ஒருவேளைச் சோறும் காய்கறியும், தரையில் படுக்கை.

செஞ்சிச் சீமையின் எல்லையில் இருந்த கோலை என்ற ஊரில் அவர் தமிழ் பழகினார். பிறகு தத்துவாஞ்சேரியை இருப்பிடமாகக் கொண்டு சுற்றுப்புற ஊர்களுக்குப் போய்வந்தார்.

அந்த ஆண்டுகள் எப்படிப்பட்டவை என்று நினைத்துப் பாருங்கள், நண்பரே. 1677-இல் சிவாஜி படையோடு வந்து செஞ்சியைப் பிடித்தார். வாலிகண்டபுரத்து ஷேர்கான் லோடி பண்ருட்டிப் பக்கம் திருவதிகையில் அவரிடம் தோற்றுப் புவனகிரிப் பக்கம் ஒதுங்கினார். தஞ்சையில் நாயக்கர் ஆட்சி ஒழிந்து, சிவாஜியின் தம்பி ஏகோஜி அரியணையில் இருந்தார். எந்தப் படை எந்தப் பக்கம் வந்தாலும் நெல்லும் மாடும் பறிபோயின. அதே ஆண்டுகளில் கொள்ளிடத்திலும் காவிரியிலும் பெருவெள்ளம் வந்தது. மதுரை மிஷன் பாதிரிமார் ரோமுக்கு அனுப்பிய ஆண்டுக் கடிதங்கள் போர், வெள்ளம், பஞ்சம், கொள்ளை நோய் என்ற நான்கையும் மாறி மாறிச் சொல்கின்றன. தமிழக வரலாறு எழுதுவோர் இன்றும் அந்தக் கடிதங்களைப் புரட்டாமல் பதினேழாம் நூற்றாண்டைப் பற்றி எழுத முடியாது.

உங்கள் ஊரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அருளானந்தர் நம் பக்கத்தில் நடந்த காலம் முழுவதும் தில்லையில் நடராசர் இல்லை! படையெடுப்புக்கு அஞ்சி 1648 டிசம்பர் 24 அன்று மூர்த்தியைச் சிதம்பரத்திலிருந்து எடுத்துச் சென்றார்கள். முதலில் குடுமியான்மலையில் வைத்தார்கள், பின்பு மதுரையில். 1686 நவம்பர் 14 அன்றுதான் கூத்தர் திரும்ப வந்தார் என்று மராட்டியர் காலச் செப்பேடுகள் சொல்கின்றன. ஏறக்குறைய முப்பத்தெட்டு ஆண்டுகள். தெய்வமே ஊரைவிட்டுப் போக நேர்ந்த காலம் அது. பயந்தும் பசித்தும் கிடந்த மக்களிடையே ஒரு வெளிநாட்டுப் பண்டாரம் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து செபம் சொன்னால், அவரைச் சுற்றிக் கூட்டம் கூடியதில் வியப்பில்லை.

தில்லைக்கும் சேசு சபைக்கும் அதற்கு முன்பே ஒரு தொடர்பு உண்டு. 1597-இல் நிக்கோலாஸ் பிமெந்தா என்ற பாதிரியார் சிதம்பரம் வந்திருந்தார். செஞ்சி கிருஷ்ணப்ப நாயக்கர் கோயிலுக்குள் கோவிந்தராசர் சந்நிதியைத் திருப்பணி செய்யப் புறப்பட்டதும், அதைத் தடுக்கத் தீட்சிதர்கள் கோபுரத்திலிருந்து குதித்து உயிர்விட்டதும் அவர் குறிப்புகளில் உள்ளன. தான் நம்பியதற்காக ஒருவர் உயிரைக் கொடுப்பார் என்பதை தில்லைவாசிகளுக்கு ஐரோப்பியர் வந்து சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நம் கடலூர்க்காரர்களுக்கும்தான். பல்லவன் கல்லோடு கட்டிக் கடலில் எறிந்த அப்பர் கரையேறியது திருப்பாதிரிப்புலியூருக்குப் பக்கத்தில் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அரசன் கையில் துன்பப்பட்ட அடியாரை நம் மக்கள் எந்த இடத்தில் வைப்பார்கள் என்பது நமக்குத் தெரியும்.

இனி, சிலர் பேசத் தயங்கும் ஒன்றைச் சொல்கிறேன். அருளானந்தர் சாதியை ஒழித்தார் என்று மேடைகளில் பேசுகிறார்கள். அவர் ஒழிக்கவில்லை. சாதி வேறுபாட்டோடு ஒத்துப்போன முறையைத்தான் மதுரை மிஷன் கையாண்டது. பண்டார சாமி எல்லாரையும் பார்த்தார், ஆனால் எல்லாரையும் ஒரே இடத்தில் உட்கார வைக்கவில்லை. ஒடுக்கப்பட்டோருக்குத் தனி இடம், தனி நேரம் என்றுதான் இருந்தது. அதன் கசப்பு தமிழ்க் கத்தோலிக்கக் கோயில்களில் மூன்று நூற்றாண்டு நீடித்தது, முற்றிலும் போய்விட்டது என்று இன்றும் சொல்ல முடியாது. சேக்கிழார் திருநாளைப்போவாராகிய நந்தனாரின் ஆதனூரைக் கொள்ளிடக் கரையில் வைக்கிறார். அதே ஆற்றங்கரை மக்கள்தான் இந்தப் பண்டாரத்தையும் தேடி வந்தார்கள். தில்லை வாசலில் நந்தனார் நின்றதற்கும், இவருடைய ஓலைக் கோயிலில் அவர் வழிவந்தோர் ஒதுங்கி நின்றதற்கும் இடையே நான் பெரிய வேறுபாடு காணவில்லை. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. நடக்கிற தூரத்தில் சோறும் மருந்தும் இல்லாத சேரிக்கு இந்த மனிதர் தாமே தேடிப் போனார். அவர் கையால் ஞானஸ்நானம் பெற்றவர்களில் பெரும்பாலோர் எளிய சாதியார்.

1685-இல் மதுரை மிஷனுக்குத் தலைவரானார். அடுத்த ஆண்டே, பல ஆண்டுகளாகப் பாதிரியார் கால் வைக்காத மறவர் நாட்டுக்குக் கொள்ளிடத்தையும் காவிரியையும் தாண்டிப் போனார். இரண்டரை மாதத்துக்குள் 2,000-க்கும் மேற்பட்டோர் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஜூலை 17 அன்று சேதுபதியின் தளவாய் குமாரப் பிள்ளை அவரையும் உடனிருந்த உபதேசியார்களையும் மங்கலத்தில் பிடித்தார். கட்டி இழுத்துப் போனார்கள். தண்ணீரில் அமுக்கி அமுக்கி எடுத்தார்கள். வெயிலில் பாறைமேல் கிடத்தினார்கள். உபதேசியார் ஒருவருக்கு அடியில் கண் போயிற்று.

இந்த உபதேசியார்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு பண்டார சாமிக்கும் முன்னால் போய் ஊரைப் பழக்கி, மந்திரங்கள் சொல்லிக்கொடுத்து, நோயாளியைக் கவனித்து, சாமியார் போன பிறகும் அந்த மக்களோடு கிடந்தவர்கள் தமிழர்களான உபதேசியார்கள். அடி விழுந்தபோது அவர்களுக்கும் விழுந்தது. ஐரோப்பாவில் அவர்களுக்காக எழுத அண்ணன் தம்பி யாரும் இல்லை. அருளானந்தருக்கு இருந்தார். அவருடைய அண்ணன் பெர்னாந்து எழுதிய வாழ்க்கை வரலாறு 1722-இல் கோயிம்பிராவில் அச்சானது. உபதேசியார்களின் பெயர்கள் கடிதங்களில் அங்கங்கே ஒரு வரியாக வந்து மறைகின்றன. தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றை எழுதப் போகிறவர்கள் அந்த வரிகளைப் பொறுக்கிச் சேர்க்க வேண்டும். பாதி வரலாறு அங்கேதான் இருக்கிறது.

மறவர் நாட்டை ஆண்ட கிழவன் சேதுபதி அந்த முறை அருளானந்தரைக் கொல்லவில்லை. இனி என் நாட்டில் போதிக்கக் கூடாது என்று சொல்லி விட்டுவிட்டார். சபையோ அவரை மிஷன் காரியமாக லிஸ்பனுக்கு அனுப்பியது. 1688-இல் போய்ச் சேர்ந்தபோது, சிறுவயதுத் தோழர் இரண்டாம் பெட்ரோ என்ற பெயரில் அரசராக இருந்தார். இங்கேயே இரு, என் மகனுக்கு ஆசிரியராக இரு என்று கேட்டார். அங்கும் அவர் இறைச்சி தொடாமல், தமிழ்நாட்டுப் பண்டாரமாகவே உண்டு உறங்கினார் என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1690-இல் மறுபடி கப்பலேறினார்.

அதே 1690-இல்தான் ஆங்கிலேயர் செஞ்சியில் இருந்த ராஜாராமிடம் தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கினார்கள். கோட்டையிலிருந்து நாலாபுறமும் பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த எல்லை வரைக்கும் எங்களுக்கு என்றார்கள். கடலூரில் குண்டு கிராமங்கள் என்ற பேச்சு அதிலிருந்து வந்தது. ஒரே ஆண்டில் ஐரோப்பாவின் இரண்டு முகங்கள் நம் கரைக்கு வந்தன. ஒன்று பீரங்கியோடு வந்து கோட்டையில் குடியேறியது. இன்னொன்று வெறுங்கையோடு திரும்பி வந்து, எந்த நாட்டில் போதிக்கக் கூடாது என்று விரட்டினார்களோ அங்கேயே போய் நின்றது. முதலாமவர் வாங்கிய புனித டேவிட் கோட்டை இன்று கெடிலம் கடலில் சேரும் இடத்தில் இடிந்து கிடக்கிறது.

அருளானந்தரின் முடிவு விரைவாகவே வந்தது. தடியத் தேவர் என்ற மறவர் தலைவர் தீராத நோயில் கிடந்தார். உபதேசியார் ஒருவர் வந்து சுவிசேஷம் வாசித்த பிறகு எழுந்தார். ஞானஸ்நானம் வேண்டும் என்றார். ஒரு மனைவியோடுதான் வாழ வேண்டும் என்பது நிபந்தனை. மற்ற மனைவியரைச் சகோதரிகளாக வைத்துக் காப்பதாகச் சொல்லி, 1693 ஜனவரி 6 அன்று ஞானஸ்நானம் பெற்றார். இளைய மனைவி கடலாயி, சேதுபதியின் உறவுப்பெண். அவள் அழுதுகொண்டு அரண்மனைக்குப் போனாள்.

திருச்சபை நூல்கள் கடலாயியைக் கொடியவளாகக் காட்டுகின்றன. நான் அப்படி எண்ணவில்லை. கணவனின் மன மாற்றத்தால் ஒரே நாளில் மனைவி என்ற இடத்தை இழந்தவள் அவள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவள் தன் உறவினரிடம் முறையிட்டதில் என்ன குற்றம்? சேதுபதியின் கோபத்துக்கு வேறு காரணமும் இருந்தது. தடியத் தேவருக்கு அரியணையில் உரிமை உண்டு. அவர் பின்னால் ஒரு புதுச் சமயக் கூட்டம் திரள்வதை எந்த அரசனும் பொறுத்துக்கொள்ள மாட்டான். பெண்ணின் கண்ணீரும் அரசியல் பயமும் சேர்ந்து ஒரு மனிதரின் கழுத்துக்கு வந்தன.

ஜனவரி 8 அன்று பிடித்தார்கள். இராமநாதபுரத்தில் வைத்துக் கொன்றால் கலகம் வரும் என்று, சேதுபதி தன் சகோதரர் உடையத் தேவரிடம் ஓரியூருக்கு அனுப்பினார். சிறையில் மையும் எழுதுகோலும் இல்லை. கிடைத்த கரியைக் கொண்டு பிப்ரவரி 3 அன்று தன் சபையாருக்குக் கடிதம் எழுதினார். மறுநாள், 1693 பிப்ரவரி 4, விபூதிப் புதன், பாம்பாற்றங்கரையில் தலையை வெட்டினார்கள். அப்போது வயது நாற்பத்தாறு நிறையவில்லை. செய்தி லிஸ்பனுக்குப் போனபோது தாயார் துக்க உடை உடுத்தாமல் திருவிழா உடையில் அரண்மனைக்கு வந்து நன்றி வழிபாட்டில் நின்றார் என்கிறார்கள்.

அவருடைய செல்வாக்கு எப்படி நிலைத்தது என்று கேட்டிருந்தீர்கள். ரோம் அவருக்கு 1853-இல் முத்திப்பேறு பட்டமும், 1947 ஜூன் 22 அன்று புனிதர் பட்டமும் தந்தது. புனிதர் பட்ட நாளுக்கும் இந்திய விடுதலைக்கும் இடையே இரண்டு மாதம்கூட இல்லை. ஆனால் ஓரியூர் மக்கள் ரோமுக்காகக் காத்திருக்கவில்லை. அவர் இரத்தம் சிந்திச் சிவந்ததாக நம்பும் மண்ணை அன்றைக்கே எடுத்துக் கும்பிடத் தொடங்கிவிட்டார்கள். இன்றும் அந்தச் செம்மண்ணை நீரில் கரைத்துப் பூசுகிறார்கள், வீட்டுக்கு முடிந்து எடுத்துப் போகிறார்கள். பிள்ளை வரம் கேட்டு வருகிறார்கள். கிடாய் வெட்டிப் பொங்கல் வைத்து ஊருக்கே சோறு போடுகிறார்கள். வருகிறவர்களில் இந்துக்கள் ஏராளம். அவரைக் கொன்ற மறவர் குலமே அவரைக் கும்பிடுகிறது. வெட்டுப்பட்டு விழுந்தவனுக்குக் கல் நட்டுப் படையலிட்ட வழக்கம் சங்க காலத்திலிருந்து நம்மிடம் இருக்கிறது. அந்த வழக்கத்துக்குள் லிஸ்பன் பிரபு மகனை நம் மக்கள் தாங்களாகவே சேர்த்துக்கொண்டார்கள். எந்தப் பாதிரியாரும் இதைத் திட்டமிட்டுச் செய்திருக்க முடியாது. கிடாய் வெட்டுவதைச் சிலர் குறை சொல்கிறார்கள். எனக்கு அதில் குறை தெரியவில்லை. அவரைத் தமிழ்ச் சாமியாக ஆக்கியது அந்தச் சோறும் பொங்கலும்தான்.

அடுத்த தலைமுறையில் வந்த வீரமாமுனிவரையும் இந்த வழியில்தான் பார்க்க வேண்டும். இத்தாலியில் பிறந்த அவர் 1710-இல் கோவா வந்து சேர்ந்தவர். சதுரகராதி, தேம்பாவணி என்று அவர் செய்ததெல்லாம் நீங்கள் பள்ளியிலேயே படித்தவை. நம் மாவட்டத்தில் விருத்தாசலம் பக்கம் கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னை கோயிலை எழுப்பியவர் அவர். முகாசாபரூர் கச்சிராயர்கள் அவருக்கு உதவினார்கள். மாதாவுக்குத் தமிழ்த் தாயின் கோலத்தைத் தந்தார். சனவரித் திருவிழாவுக்கு எல்லாச் சமயத்தாரும் வருகிறார்கள். அருளானந்தர் இந்த நாட்டு மக்களில் ஒருவராக வாழ்ந்து காட்டியிராவிட்டால், அவர் பின்னால் வந்தவர்களுக்குத் தமிழ் ஊர்கள் இவ்வளவு எளிதாக இடம் கொடுத்திருக்குமா என்பது ஐயமே.

நீங்கள் இளைஞர், சிதம்பரத்தில் இருக்கிறீர்கள், கொள்ளிடம் பக்கத்தில் ஓடுகிறது. உங்களிடம் ஒரு வேண்டுகோள். சென்னை வரைக்கும் போய் நூலகம் நூலகமாகத் தேடுவது பிறகு இருக்கட்டும். ஆற்றின் இரு கரையிலும் பழைய கத்தோலிக்கக் குடும்பங்கள் உள்ள ஊர்கள் பல உண்டு. அங்கே அருளானந்தம், அருளானந்தசாமி என்று பெயர் வைத்த வீடுகளில் வயதானவர்கள் இருப்பார்கள். அந்தப் பெயர் தங்கள் வீட்டுக்கு எப்போது வந்தது, யாருடைய நேர்ச்சையால் வந்தது, பண்டார சாமியைப் பற்றி அவர்கள் பாட்டி என்ன சொல்லியிருக்கிறார் என்று கேளுங்கள். உபதேசியார் வழிவந்த குடும்பம் ஏதேனும் உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். கேட்டதைக் கேட்டபடி, ஊர் பெயரோடு எழுதி வைத்து எனக்கு அனுப்புங்கள். பிப்ரவரி 4-க்கு முன் வந்தால் திருநாளுக்குப் போகும்போது ஓரியூர்க்காரர்களிடம் அதைப் படித்துக் காட்டுவேன்.

அன்புடன்,
கடலூரிலிருந்து உங்கள் கட்டுரையாளர்